படித்ததாகக் காட்டுகிறது

இன்று காலை சிறுசேரி ஆபீசில் உன் பெயரிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. "இன்னைக்கு லீவு. நாளைக்கு வந்துடுவேன்." கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் கம்பெனி மெயில்களைப் பழைய கிளவுடிலிருந்து புதியதற்கு மாற்றுகிறோம். மாற்றியதும் ஒவ்வொருவர் மெயில் பெட்டிக்கும் ஒரு சோதனை மெயில் போடுவோமே, எல்லாரும் 'டெஸ்ட்' என்று எழுத, நீ மட்டும் "வந்துட்டியா?" என்று எழுதுவாய். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உன் பெட்டியையும் அப்படித்தான் கேட்டேன். கடைசி நாளில் நீ போட்டுவைத்த லீவுப் பதில் தானாக வந்தது.

ஆனால் அந்தப் பதிலை உன் காரியம் முடிந்த மறுநாளே நான் நிறுத்திவிட்டேனே.

பல்லாவரத்துத் தோல் கம்பெனிக்கு மெயில் மாற்றிக் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் அவர்கள் டிரைவர் போன் செய்தார். "எங்க முதலாளியம்மா மெயிலெல்லாம் என் பொட்டில கீதும்மா, இன்னா பண்றது?" எல்லாருடைய கடிதமும் அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பெயர்ப் பட்டியலில் ஒரு வரிசையைத் தவறுதலாகக் கீழே இழுத்துவிட்டவள் நான்.

அப்ரைசல் நேரம். தப்பு உன்னுடையது, நீ பட்டியலைச் சரிபார்க்கவில்லை என்று உனக்கு எழுதி, மேனேஜருக்கும் காப்பி போட்டேன். தாம்பரத்திலிருந்து வேனில் தினமும் உனக்கு சீட்டுப் பிடித்து வந்தவள் செய்த காரியம் அது. அதற்குள் நீ காய்ச்சலோடு பெரும்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தாய். திரும்பி வரவில்லை.

பிறகு எத்தனையோ தடவை உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தக் கடிதம் படிக்கப்படாமல் தடித்த எழுத்திலேயே இருந்தது. நீ அதைப் பார்க்காமல் போனாய் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

புதிய பெட்டியில் அதற்கு மட்டும் தடிமன் இல்லை. மேலும் கீழும் இருப்பவை அப்படியே இருக்கின்றன.

மேனேஜரிடம் காட்டினேன். "காப்பி ஆகும்போது சிலது மாறும்மா. இந்த அக்கவுண்ட் இன்னும் எதுக்கு? லஞ்சுக்குள்ள டெலீட் பண்ணிடு" என்றார்.

அது மட்டும் ஏன்டி மாறியது?

உட்கார்ந்து உனக்கு எழுதினேன்: "லிஸ்ட்ல தப்பு பண்ணது நான்தான்டி. மன்னிச்சுடு." அன்று போலவே மேனேஜருக்கும் காப்பி போட்டேன். லீவுப் பதில் வரவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் அது வரும் என்று எத்தனை கஸ்டமர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்! தெரிந்தும் காத்திருந்தேன்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தவள் திரையைப் பார்த்தேன். உன் பெட்டியில் என் புதுக் கடிதமும் தடிமன் இழந்திருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மதியத்துக்குள் பெட்டியை அழித்துவிட்டேன். நீ படித்துவிட்டாய் என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு என்ன நினைத்தாய் என்றுதான் தெரியவில்லை.