கதவைச் சாத்தி ஐந்து நிமிடம்

அண்ணாச்சி,

வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, புறப்பட்ட அன்று காலை, பையில் வைப்பதற்காக உங்கள் நோட்டை எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் நிலாவரை இலையின் வாசனை வந்தது. காய்ந்த புல்லோடு கொஞ்சம் தேயிலை கலந்தது போன்ற அதே வாசனை. நடுப்பக்கத்தில் நாலைந்து இலைகள் தட்டையாகக் கிடந்தன. மாதிரிக்காக நீங்கள் வைத்தவையா, எழுதும்போது தாமாக விழுந்தவையா, தெரியவில்லை. உதறிவிடலாமா என்று யோசித்து, அப்படியே மூடினேன். எதையும் ஒழுங்கு செய்யாமல் விடுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வைவா முந்தாநாள் முடிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

முப்பது வருடம் நாம் போனில்தான் அதிகம் பேசினோம். நீங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்து யார்டில் கண்டெய்னர்களில் சரக்கு ஏற்றும் மேற்பார்வையாளர். நான் ஊருக்குள் கிளியரிங் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பவன். பெட்டி நிறைந்ததும் கூப்பிடுவீர்கள். கண்டெய்னர் எண், மூட்டைக் கணக்கு, கடைசியில் கதவில் மாட்டிய சீலின் எண். நான் எழுதிக்கொண்டு திருப்பிப் படிப்பேன். "சரிதாம் வே" என்று வைத்துவிடுவீர்கள்.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், கையில் விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். தொலைநிலைக் கல்வியில் விநியோகச் சங்கிலி மேலாண்மை, மூன்று வருட இளநிலைப் பட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு.

"நான் காலம்பூரா பண்ணுன வேலைக்கு இப்பம் பட்டம் குடுக்கான் வே. அப்பம் எனக்கும் ஒண்ணு தரணும்லா?" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் இருபத்துமூன்று வயதில் பட்டத்தோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக உங்களுக்கு மேலே போய் உட்கார்ந்ததையும், பி.யு.சி.யோடு நின்ற நீங்கள் கடைசிவரை மேற்பார்வையாளராகவே இருந்ததையும் நான் காகிதத்தில் பார்த்தவன். எனக்கு ஏற்கெனவே பொருளாதாரத்தில் பட்டம் இருந்தது. உங்களுக்குத் துணையாகத்தான் சேர்ந்தேன். தேர்வு என்றாலே எனக்குப் பயம் என்பதை அப்போது சொல்லவில்லை.

முதல் வகுப்பில் நாம் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். "இருங்கப்பா, நாங்களும் கடைசி பெஞ்சுதாம்" என்று நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். நான் வாசலிலேயே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன்.

பாடப்புத்தகத்தின் முதல் படம் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. உற்பத்தியாளர் ஒரு கட்டம், விநியோகஸ்தர் ஒரு கட்டம், வாடிக்கையாளர் ஒரு கட்டம், நடுவில் அம்புக்குறிகள். விரலை அம்பில் வைத்துக் கேட்டீர்கள்.

"இத யாரு தூக்கிட்டுப் போறா?"

"அது வெறும் குறிதான் அண்ணாச்சி. சரக்கு போகிற திசை."

"இதுக்குள்ள ஒரு டிரைவரு சாப்பிடாம வாரான். லோடுமேன் எட்டுப் பேரு நிக்கான். நானும் இங்கனதாம் நின்னுருக்கேன். ஒருத்தனையும் காணலையே."

தேர்வில் அம்புக்குறி போட்டால் போதும் என்று நான் சொன்னேன். போட்டீர்கள். ஐந்து செமஸ்டர் அப்படியே தாண்டிவிட்டோம். கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு புராஜக்ட். நான் ஏற்றுமதி ஆவணங்களை எடுத்துக்கொண்டேன். நீங்கள் நிலாவரையை எடுத்தீர்கள். சாத்தான்குளம் பக்கத்துக் காட்டில் பறித்துக் காயவைக்கும் அந்த இலை, மலச்சிக்கல் மருந்துக்காகக் கப்பல் ஏறும்வரை என்ன நடக்கிறது என்பது பொருள்.

அதற்காக ஒரு நாள் அனுமதி வாங்கி என்னையும் யார்டுக்குக் கூட்டிப்போனீர்கள். முப்பது வருடம் கண்டெய்னர் எண் எழுதியவன், அன்றுதான் ஒரு கண்டெய்னருக்குள் கால் வைத்தேன். பகல் பதினொரு மணி. உள்ளே அடுப்புப் போல இருந்தது. வெளியே நின்ற லோடுமேனிடம் கதவைச் சாத்தச் சொன்னீர்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரையும் சேத்து சீல் வச்சிரட்டா? நேரா ஜெர்மனில போய் இறங்கிருவிய" என்றான் அவன்.

"வச்சிராதல. சார் காயிதம் இல்லாம எங்கயும் போவ மாட்டாரு" என்றீர்கள்.

கதவைச் சாத்தினான். எனக்கு மூச்சு முட்டியது. திறக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேசாம நில்லும். அஞ்சு நிமிசம். மொதல்ல ஒண்ணும் தெரியாது, கண்ணு பழகணும்" என்றீர்கள். நின்றேன். நீங்கள் சொன்னது போலவே முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூரையின் மூலையில், கடுகளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. நீங்கள் சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போட்டீர்கள். அந்தக் கடுகளவு ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால், கப்பல் போய்ச் சேர்வதற்குள் இலை கறுத்துவிடும், வாங்குகிறவன் திருப்பிவிடுவான். பெட்டியை மாற்றச் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பேராசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் எனக்கு. "கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் ஐந்து நிமிடம் நிற்போம்" என்று நீங்கள் சொன்னது படிப்பறிவு இல்லாத பேச்சாகத் தோன்றிவிடுமோ என்று, சுத்தப் பிரதி எடுக்கும்போது அதை அடித்தேன். "சரக்கேற்றத்துக்கு முந்தைய ஆய்வு நெறிமுறைகள் முறைப்படி கடைப்பிடிக்கப்படுகின்றன" என்று எழுதினேன். அது ஒரு இடம். அப்படி எத்தனையோ இடங்கள். உங்களிடம் படித்துக் காட்டியபோது, "கேக்க நல்லாத்தாம் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

முதல் முறை வைவா நடந்த அன்று நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்ததால் உள்ளே பேசியது கேட்டது. தேர்வாளர் நாற்பது வயதுள்ள ஓர் அம்மாள். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, ஆய்வு நெறிமுறைகள்னு எழுதியிருக்கீங்க. அது என்னென்ன, சொல்லுங்க."

நீங்கள் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தெரியலம்மா. எழுதுனவரு வெளிய இருக்காரு, கூப்பிடட்டுமா?"

"நீங்க செஞ்ச வேலையைத்தானே கேக்கறேன்?"

"நான் செஞ்சது இதுல இல்லம்மா" என்றீர்கள்.

நான் எழுந்தேன். கதவுவரை போனேன். உள்ளே போய், "தவறு என்னுடையது, அவரிடம் இருட்டில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன்.

நீங்கள் அங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சொந்தமாக எழுதி அடுத்த முறை கொண்டுவரச் சொல்லிவிட்டார்களாம். நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். நீங்கள் கையை அமர்த்தினீர்கள்.

"என் சரக்க என்னமோ ஒரு பெட்டில போட்டுட்டீரு வே. எனக்கே அடையாளம் தெரியல. விடும். இந்தத் தடவ நீரு பேனாவத் தொடப்படாது, அம்புட்டுதாம்."

அன்று நான் கதவுவரை வந்ததை உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் நீங்கள் இருந்தீர்கள். அப்போதும் சொல்லவில்லை. ஒரு காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை என்று மதினி போன் செய்தார்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவர்கள்தான் இந்த நோட்டைத் தந்தார்கள்.

"தெனமும் எழுதுவாவ. உங்ககிட்ட காட்டப்படாதுன்னு சொல்லி எழுதுவாவ. இப்பம் நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார்கள்.

பன்னிரண்டு பக்கம். கோணல் எழுத்து. காட்டில் இலை காய்வது, லாரி, எடை, பொதி கட்டுவது, கதவைச் சாத்தி நிற்பது, அடுக்குவது, எல்லாம் இருக்கிறது. கடைசிப் பொதி ஏறுவதோடு நின்றிருக்கிறது.

அன்று தவறவிட்ட என் வைவாவுக்கு முந்தாநாள் உள்ளே போனேன். அதே அம்மாள். என் ஆவணங்களைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், சொன்னேன். போகலாம் என்றார். நான் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அது கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. நீங்கள் யார், அந்தப் பிரதியைக் கெடுத்தது யார், அன்று வராந்தாவிலிருந்து நடந்துபோனது யார் என்று வரிசையாகச் சொன்னேன்.

"இனிமே அவருக்கு மார்க் போட முடியாதே சார்" என்றார்.

"தெரியும் அம்மா. அதைக் கேட்க வரவில்லை. அன்று அவர் பதில் தெரியாமல் நிற்கவில்லை. அதை மட்டும் சொல்ல வந்தேன்."

அவர் நோட்டைப் படித்தார். பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். வெளியே இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். இலைகள் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, அவை விழாதபடி பக்கத்தைத் திருப்பினார்.

"ஐந்து நிமிஷம் எதுக்கு? கதவைச் சாத்தினதும் தெரியாதா?"

"முதலில் ஒன்றும் தெரியாது அம்மா. கண் பழக வேண்டும்" என்றேன். மூன்று வருடப் படிப்பில் பயமில்லாமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

என் முடிவு இன்னும் வரவில்லை. தேறியிருக்கலாம். அது இருக்கட்டும். இப்போதெல்லாம் யாராவது சொன்னதை எழுதினால், திருத்தக் கை போகும்போது ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்திலும் உங்கள் பேச்சில் மூன்று இடத்தில் பேனா போனது. அப்படியே விட்டிருக்கிறேன்.

பதிமூன்றாம் பக்கம் காலியாக இருக்கிறது. கதவை மூடி சீல் வைப்பது அதில் வரவேண்டும். அந்தப் பத்தியை எழுத எனக்குத் தெரியும், நேற்று மேஜையில் விரித்தும் வைத்தேன். பிறகு, பேனாவைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து மூடிவிட்டேன். இத்தனை வருடத்தில் சீல் எண்ணைச் சொல்லாமல் நீங்கள் போனை வைத்ததே இல்லை, அண்ணாச்சி. நான் எழுதத் தயாராகத்தான் இருந்தேன்.