அண்ணன் பக்கத்து இடம்

சிங்கப்பூர்
5 அக்டோபர் 1948

அன்புள்ள ஃப்ளோரன்ஸுக்கு,

சேசு மரி சூசை உன்னைக் காக்கட்டும். ஏழு வருஷமாகப் பேசாத அண்ணி எழுதுகிறாளே என்று திகைக்காதே. நான் எதையும் மறக்கவில்லை. உன் அண்ணனைப் புதைத்த அன்றைக்கே, "எங்கண்ணன் பக்கத்துல எனக்குத்தான் எடம்" என்று சாந்தோம் சனமெல்லாம் கேட்கச் சொன்னாய். "பொண்டாட்டி நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று நானும் விடவில்லை.

வால்டர் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு மீன் வாங்கப் போவேன். மீன்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாது. நான் விரலைக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார். சாயங்காலம் வரை அதுதான் பேச்சு. திட்டினால் புரிந்துகொள்ளக்கூட இங்கே ஒருத்தி இல்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். போன வருஷம் வரை நானே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினேன். உன்னைக் கிட்டவே விடவில்லை. இந்த வருஷம் நீ போ. கடல்காற்று அணைத்துவிடும், மெழுகுவத்தியைக் குருசுக்குப் பின்னால் வை.

ஊருக்கு எப்போது அனுப்புவாய் என்று வால்டரைக் கேட்டேன். "இங்க உனக்கு இன்னாம்மா கொறச்சல்?" என்றான். அப்புறம் நான் கேட்கவில்லை.

பக்கத்து இடத்தை யாரும் எடுத்துவிடாமல் இருக்க அரளி நட்டு வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிவிடு. இடம் உனக்குத்தான்.

கடைசிக் காலத்தில் அவருக்கு இடது காது மட்டும்தான் கேட்டது. உனக்கு அது தெரியாது. அந்த இடம் இடது பக்கம்தான். நீ மெதுவாகப் பேசினாலே போதும்.

உன் அண்ணி