வளைவில் ஆடிய தலை

பஸ் ஓட்டுநரான அவள் வேலைக்குக் கிளம்பும்போது கணவன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பினால் நேற்றைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். காலண்டர் தாளைக் கிழித்து எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினாள்.

“சோறு குக்கர்ல இருக்கு. முட்டைய நீங்களே பொரிச்சுக்கோங்க, எனக்கு இன்னும் கோபம் தீரல.

அப்பா தன் கார் சாவிய வாங்க நாலு மணிக்கு வர்றார். ‘கார் இனிமே என்கிட்டயே இருக்கட்டுமா மாமா’ன்னு நேத்து அவரைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தப்ப, வளைவுல திரும்புறப்பக் கேட்டீங்க. அவர் தலையாட்டிட்டார்னு ஊர் பூரா தண்டோரா போட்டாச்சு. அவர் எங்கங்க ஆட்டினார்? மூணாவது கியர்லேருந்து ரெண்டாவதுக்கு இறக்கி, கிளச்சை டபக்குன்னு விட்டீங்க. வண்டி குலுங்குச்சு, தலை தானா ஆடுச்சு. பின்சீட்டுல என் தலையும்தான் ஆடுச்சு. நான் எதுக்குச் சம்மதிச்சேனாம்?

கியரை இறக்கினதும், கிளச்சை விடுறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டரை லேசா ஒரு தட்டு தட்டுங்க. இன்ஜின் சத்தம் ஏறும். அப்ப விட்டா வண்டி வெண்ணெயா வழுக்கிட்டுப் போகும். தினம் அம்பது பேரை ஏத்திட்டுப் போறேன், ஒரு தலை ஆடுதா?”

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, செருப்போடு நின்றபடியே தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“வந்ததும் சாவியக் குடுத்துடாதீங்க. அவரைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போங்க. அதே வளைவுல, நான் சொன்ன மாதிரி அலுங்காம இறக்கிட்டு, மறுபடி கேளுங்க.

தலை அசையலன்னா, திரும்பி வர்றப்ப நேத்து மாதிரியே கியரைப் போட்டு இன்னொரு தடவை கேளுங்க.”