வாப்பாவின் இரத்தம் வேற்றுக் குடியா?

அனுப்புபவர்: மீ. லெ. அபூசாலி, கைத்தறி நெசவாளி, மருதமுனை.

பெறுபவர்: காரியாதிகாரி அவர்கள், கல்முனை.

பொருள்: என் மகள் முனவ்வறாவுக்கு (வயது 6) என் இரத்தம் ஏற்றுவதைத் தடுப்பது பற்றி.

கனம் ஐயா,

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

1. என் மகள் ஒன்பது நாளாக ஆசுபத்திரியில் இருக்கிறாள். வயிற்றுப் பூச்சி இரத்தத்தைக் குடித்து, சாயம் போடாத நூல் மாதிரி வெளிறிவிட்டாள். நாளைக் காலைக்குள் இரத்தம் ஏற்றாவிட்டால் தப்பமாட்டாள் என்கிறார் டொக்டர். என் இரத்தம் பொருந்துகிறது. நான் மெலிந்தவன்தான், ஆனாலும் நுளம்பு குடித்தது போக மிச்சமிருப்பது அவளுக்குப் போதுமாம்.

2. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடி, அதாவது தாய்வழிக் குலம். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. என் மைத்துனர், பள்ளிவாசலில் அந்தக் குடிக்குத் தலைவராகிய மரைக்காயர் பக்கீர் முகைதீன், இதை வைத்துத்தான் மறிக்கிறார். "பெத்த வாப்பாவா இருந்தாலும் நீங்க வேற குடி, மச்சான். உங்கட ரெத்தம் ஏறினா புள்ளையும் உங்கட குடியாப் போயிரும். புறகு உங்கட ராத்தாட மகனுக்கு எப்பிடிக் கட்டிக் குடுக்கிற?" என்கிறார். ராத்தா என் மூத்த சகோதரி; அவர் மகன் என் குடியாதலால் அண்ணன் முறை வந்துவிடுமாம். அந்த மாப்பிள்ளைக்கு வயது எட்டு. முன்பல் இரண்டும் இல்லை.

3. லெப்பையிடம் கேட்டேன். உயிர் போகும் நேரத்தில் மார்க்கத்தில் தடையில்லை என்றார். இது குடி வழமை, லெப்பைக்கு இதில் கதையில்லை என்று மைத்துனர் அவரை அனுப்பிவிட்டார்.

4. தாய்மாமனாகிய உங்கள் இரத்தம் அதே குடிதானே, நீங்கள் கொடுங்கள் என்று மைத்துனரிடம் சொன்னேன். நியாயம்தான் என்று ஆசுபத்திரிக்கு வந்தார். போத்தலைக் கண்டதும் விழுந்தார். எழும்பியதும், இரத்தம் ஹறாம் என்றார்.

5. இப்போது ஏழு மரைக்காயர்மாரின் கையெழுத்தோடு அவர் ஆசுபத்திரிக்குப் பெட்டிசம் கொடுத்திருக்கிறார். அதனால் தங்கள் கடிதம் வராமல் டொக்டர் ஊசியைத் தொடமாட்டாராம். ஐயா, அந்தப் பூச்சிகள் குடி கேட்டுக் குடிக்கவில்லை.

6. குடி விசாரணையை அவளுடைய கலியாணத்தில் வைக்கட்டும். மரைக்காயர்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றி நானே பதில் சொல்வேன். முதலில் அவள் அந்த வயதுக்கு வரவேண்டும்.

ஆகவே, தகப்பன் சம்மதம் போதும் என்று இரண்டு வரி எழுதித் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்கிறேன். தபாலில் போடாமல் நானே கொண்டுவந்து, தங்கள் கந்தோர் வாசலில் நிற்கிறேன். நேற்றிலிருந்து அவள் என்னை வாப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சுக் காணாது.

கல்முனை
15.08.1957

இப்படிக்கு,
மீ. லெ. அபூசாலி
(முனவ்வறாவின் வாப்பா)