இன்ஸ்பெக்டர் தந்த சிகரெட்

கார்த்திகை 6, வியாழன்
விடிய முதலே மழை. குசினிக் கூரை ஒழுகல். கீழே தாச்சிச் சட்டி வைத்தாச்சு.
தங்கச்சி நனைஞ்சுகொண்டு வந்தவள். மறியலில் கம்பி எண்ணுற அவளின்ர மகன், என்ர மருமகன் ரஜீவனின்ர அப்பீலுக்கு என்னுடைய சத்தியக்கடதாசி வேணுமாம். பிறகு, நானில்லாமல் ஏது! துறைமுகத்தில் வடம் பிடித்த கை இது. கோதுமைக் கப்பல் ஒன்றை ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டினனான். அன்றைக்குக் காற்று வேறு. கொழும்புக் கோட்டும் நீதிபதியும் எனக்கென்ன பெரிசு.
வாங்க: சீனி, பல்ப், தங்கச்சிக்கு இருமல் மருந்து.

கார்த்திகை 7, வெள்ளி
மழை விட்டிட்டுது. தங்கச்சியோடை புது லோயர் பிள்ளையிட்டைப் போனது. வயசு குறைவு, ஆனால் விசயகாரி. அவ சொன்னது: பெடியன் தன் வாயாலேயே குற்றத்தை ஒத்துக்கொண்டவன். ஒத்துக்கொண்டவன் திரும்ப வழக்காடுறது லேசில்லை. பழைய லோயர் பொய் நம்பிக்கை குடுத்துத்தான் அவனை ஒத்துக்கொள்ள வைத்தவர் என்று காட்டவேணும். அதைக் காதால் கேட்டது நான் ஒருத்தன்தான்.
ஓம், கேட்டனான். கோட்டுக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை. பழைய லோயர் உழுந்து வடையைக் கடித்துக்கொண்டு, வாய் நிறைய: "ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. முதல் குற்றம்தானே. ஒத்திவைச்ச தண்டனைதான் குடுப்பினம். பின்னேரம் வீட்டை வந்திடுவான்."
பெடியன் மீன்பிடி போட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போனவன். அடியில் கஞ்சா கிடந்தது அவனுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்ல, ஒத்துக்கொண்டான். எட்டு வருசம்.
"இது போதும் அங்கிள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றா லோயர் பிள்ளை.
எனக்குப் போதேல்லை. வடை தின்றுகொண்டு சொன்ன கதையைக் கோடு மதிக்குமோ? கேஸ் பிடித்த இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் நின்று தலையாட்டினவர், எனக்கு ஒரு சிகரெட்டும் தந்தவர் என்று சொன்னனான்.
"உண்மையாவோ?"
"பிள்ளை, என்னைப் பார்த்தால் பொய் சொல்லுற ஆள் மாதிரியே கிடக்கு?"
எழுதினா. கையெழுத்து வைத்தனான். பெரிசாக.

கார்த்திகை 9, ஞாயிறு
தூறல். துறைமுக ஜெட்டியில் பழைய ஆக்களோடை கதை. என்ர கதையில் சிகரெட் இப்ப முழுப் பெட்டியாப் போச்சு.
கிண்ணியா நஸீர்: "மச்சான், போன மாசம் சொல்லக்குள்ள இன்ஸ்பெக்டர் இல்லையே?"
"அதை அப்ப மறைச்சு வைச்சனான் மச்சான். கேஸ் விசயம்."
எல்லாரும் சிரிப்பு. சிரிக்கட்டும். சொல்லச் சொல்ல எனக்கே அந்தாளின்ர மீசை தெரியுது.

ஆனி 10, புதன்
கச்சான் காற்று. கண், வாய், சோறு, எல்லாம் மண்.
மத்தியானம் கொழும்பில் இருந்து லோயர் பிள்ளையின்ர கோல். குரலில் கோபம்கூட இல்லை. அரசாங்கப் பக்கத்தார் பொலிஸ் பதிவைக் காட்டினவையாம். அந்த இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கு அம்பாறையில் டியூட்டி. இதில் பொய் சொன்ன ஆள் மற்றதில் மட்டும் உண்மை சொல்லுவாரோ என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அப்பீல் தள்ளுபடி. எட்டு வருசம் எட்டு வருசம்தான்.
"வடையோடை நிப்பாட்டியிருக்கலாமே அங்கிள்."
தங்கச்சிக்கு நான்தான் சொன்னனான். சோறு போட்டுத் தந்தவள். கோப்பையை வைத்த சத்தம் மட்டும்.

ஆனி 11, வியாழன்
காற்று. ஜெட்டிக்குப் போகேல்லை. நஸீர் படலையில் நின்று கூப்பிட்டவன். நான் இல்லை என்று பக்கத்து வீட்டு ஆச்சியிட்டைச் சொல்லச் சொன்னனான்.

ஆனி 16, செவ்வாய்
மறியலுக்குப் போனனான். தங்கச்சி வரேல்லை. சவர்க்காரம், விசுக்கோத்து, பெனியன் இரண்டு குடுத்துவிட்டவள்.
வழி முழுக்கக் கதை கட்டிக்கொண்டு போனனான். பெரிய கோட்டில் எனக்கு ஆள் இருக்கு, இன்னொரு வழி இருக்கு, ஆறு மாசத்தில் வெளியில் எடுக்கிறன், இப்பிடி. கம்பிக்கு அங்காலை அவனைக் கண்டவுடனே அதை விட்டிட்டு, சவர்க்காரம், விசுக்கோத்து என்று சாமான்களைத்தான் எண்ணிச் சொன்னனான். மெலிஞ்சு போனான். தலை மொட்டை. கழுத்தில் சொறி.
கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தான். பிறகு:
"மாமா, இன்ஸ்பெக்டர் என்ன சிகரெட் தந்தவர்?"
"ஒருத்தரும் தரேல்லை, ராசா."
"அப்ப வடை?"
"வடை உண்மை."