நகமளவு பழைய பச்சை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீ அனுப்பிய முழங்கால் உறை வந்து சேர்ந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். பிறகு எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய், "என் பையன் அனுப்பினான், முட்டி இருக்கிறதே தெரியலை" என்று காட்டிவிட்டு வந்தாள். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நீ போட்ட வாஷர் ஒரு வருடம் தாங்கியது. பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், விஷயம் அப்படியே போய்விடும். நம் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் போயிருக்கின்றன. இதை அப்படி விட முடியவில்லை.

அந்தப் பச்சைப் பொம்மை எஞ்சின் இப்போது என் எதிரில், மேசைமேல், ஒரு துண்டில் சுற்றியபடி இருக்கிறது. ஆமாம், நம் எஞ்சின்தான். உன் பட்டறை முதலாளி அதை எங்கோ தூரத்தில் இருப்பவருக்கு விற்றதாக நினைத்திருப்பாய். அது நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வந்து சேர்ந்திருக்கிறது.

வாங்கியவர் ஒரு பல் டாக்டர். உனக்கு அவரைத் தெரியாது, நீ பொம்மை ரயில் பட்டறை வேலைக்கு வெளியூர் போன பிறகுதான் எனக்குப் பழக்கம். ஒரு பழைய தகரப் பெட்டியின் சிவப்புக்கு ஏற்ற பெயிண்ட் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு எங்கள் பெயிண்ட் கம்பெனிக்கு வந்தார். நிறம் பொருத்தும் அறையில் அன்று நான்தான் இருந்தேன். அவர் பொம்மை ரயில்கள் சேர்க்கிறவர் என்று தெரிந்ததும் எனக்கு வாய் திறந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, நான் முன்பின் தெரியாதவர்களிடம் மணி என்ன என்று கேட்கக்கூடத் தயங்குகிறவள். அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். என்னைக் "கெமிஸ்ட்ரி" என்றுதான் கூப்பிடுவார். புது எஞ்சின் எது வந்தாலும் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை அதன் அடியில் விட்டு, "எங்கே, ஆ காட்டு" என்று சொல்லித்தான் சோதிப்பார்.

போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "கெமிஸ்ட்ரி, வா வா. பத்து வருஷமா தேடினது. யாரும் கை வைக்காதது. பிறந்த மேனிக்கு அப்படியே இருக்கு, பாரு" என்றார். அவருடைய அலமாரியில் வரிசையாக மஞ்சள் பல்புகள் உண்டு. அதன் கீழே நம் எஞ்சின் நின்றது.

அண்ணா, அதைப் பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் பச்சை. வலப்பக்கமும் கூரையும் பழுப்பு.

நாம் அதை எப்படிச் செய்தோம் என்று நீ மறந்திருக்க மாட்டாய். காயலான் கடையில் அது கிடைத்தபோது கூரை ஒரு கரண்டிபோல் குழிந்திருந்தது. வலப்பக்கம் பெயிண்டே இல்லை, துருதான். தகடுகளைக் கோக்கிற நாக்குகளை நிமிர்த்தும்போது நீ மூச்சுக்கூட விடவில்லை. "ஒரு தடவை நிமிர்த்தலாம், ஒரு தடவை மடக்கலாம். மூணாவது தடவை ஒடிஞ்சிடும்" என்றாய். பதினாறு நாக்கு, ஒன்றுகூட ஒடியவில்லை. நீ மரக்கட்டையை உள்ளே கொடுத்து வெளியே கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அந்தக் குழியை எடுத்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை. நான் இடப்பக்கத்துப் பழைய பச்சையைப் பார்த்து வலப்பக்கத்துக்குப் பச்சை கலந்தேன். இருபத்து மூன்று முறை கலந்தேன். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நீ என் தலையில் தட்டி, "பட்டதாரியம்மா, அசத்திட்டே" என்றாய்.

சாயங்காலம் பல்பைப் போட்டதும் என் பச்சை பழுப்புக்கு ஓடிவிட்டது. பழையது பச்சையாகவே நின்றது. அந்தக் காலத்து நிறப்பொடி வேறு, நான் போட்ட நிறப்பொடி வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அழுகையே வந்தது. நீதான், "விடு, நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு" என்றாய்.

அடித்தட்டில் புதுப் பெயிண்ட் படாமல் விட்ட இடம்கூட உன் கையால் விட்டதுதான். பழுது பார்க்கிறவர்கள் பழைய பெயிண்டில் கொஞ்சம் தொடாமல் விட வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிறவர்களுக்கு எது பழசு எது புதுசு என்று தெரியும் என்று பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள் சங்கத்துப் புத்தகத்தில் இருந்ததை நான் உனக்குப் படித்துச் சொன்னேன். நீ உடனே கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு தாள் வெட்டி அடித்தட்டில் ஒட்டிக்கொண்டாய். வேலை முடிந்ததும் அதை உரித்துவிட்டு, "எனக்குக் கையெழுத்து எல்லாம் எதுக்கு? இது போதும்" என்றாய். அதற்குப் பிறகு நாம் செய்த எல்லாவற்றிலும் அந்த நகமளவு இடம் இருந்தது.

டாக்டரிடம் உன் முதலாளி எழுதிய கடிதமும் இருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். பெயிண்ட் தொடப்படவே இல்லையாம். பட்டறையில் தூசி மட்டும் துடைத்தார்களாம். துடைத்தவர் தகரப் பெட்டிக் கடையிலிருந்து வந்த ஒரு ஆளாம், எழுதப் படிக்கத் தெரியாதவர், பெயிண்ட் வேலை என்றால் என்னவென்றே அறியாதவர், அதனால் சந்தேகப்பட வேண்டியதே இல்லையாம்.

டாக்டர் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்தார். "ஒரு பல்லுகூட ஆடலை" என்று சிரித்தார். பழுப்பு அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. "இந்தப் பக்கம் வெயில் பட்டிருக்கும் போல" என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். பிரியப்பட்ட பொருளுக்கு நாமே சாட்சி சொல்லிவிடுகிறோம். பிறகு ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு சங்கத்துக் கூட்டத்தில் இதை வைக்கப்போகிறாராம். "நீ பெயிண்ட் படிச்ச பொண்ணு. இது தொடாத பெயிண்ட்னு ஒரு வரி எழுதி, பேரும் பட்டமும் போட்டுக் கையெழுத்துப் போடு. உன் பேரும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

லேபில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்து வருடம் தேடியதைத் தன் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார்.

முதல் மூன்று நாள் எல்லாப் பழியையும் உன் முதலாளிமேல் போட்டேன். அவர்தான் எழுதியிருப்பார், உனக்குத் தெரிந்தே இருக்காது, தெரிந்தால் நீ கோபத்தில் துள்ளிக் குதித்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது எஞ்சினை, வெளிச்சத்தை மாற்றி மாற்றி நிறம் பார்க்கிற எங்கள் விளக்குப் பெட்டியில் வைத்துத் திருப்பினேன். நகமளவு இடத்தைக் காணோம். பஞ்சில் கரைப்பான் தொட்டு ஓர் ஓரத்தில் ஒற்றினேன். மேலிருந்த பச்சை கரைந்தது, அடியில் பழைய பச்சை அப்படியே இருந்தது. மூடியிருந்தது என் பச்சை. என் கலவை நோட்டில் எழுதி வைத்திருந்த அதே கலவை. தூரிகை இழுத்து முடித்த இடம் இடப்பக்கம். பட்டறையில் வேறு யாருக்கும் இடக்கைப் பழக்கம் இல்லை, அதனால் உனக்கு "இடக்கையன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று நீதானே சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாய்.

அந்த நோட்டை நீ வெளியூர் போவதற்கு முதல் நாள் கேட்டாய். "உன் கையெழுத்து கூட இருந்தா வீட்டு நினைப்பு வந்தா பார்த்துக்குவேன்" என்றாய். நான் அதற்குப் பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டுக் கொடுத்தேன். எஞ்சினையும் என் பழைய தாவணியில் சுற்றிக் கொடுத்தேன். வேலை கேட்கும்போது நீ செய்ததற்கு மாதிரியாக இதைக் காட்டப்போவதாகச் சொன்னாய். நாம் என்ன செய்தோம் என்று காட்டத்தான் கொண்டுபோகிறாய் என்று நம்பினேன். ஒன்றுமே செய்யவில்லை என்று காட்டுவாய் என்று நினைக்கவில்லை.

என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ எட்டாம் வகுப்போடு பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தகரப் பெட்டிக் கடைக்குப் போனதால்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன். அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் ஒரு நாளும் மறந்ததில்லை. உன்னிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை, அண்ணா. கேட்கக்கூடத் தேவையில்லை, அவள் பேசாமல் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுவிட்டாய்.

அந்தக் கணக்கு முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை அந்த அட்டையில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். தொடாத பெயிண்ட். கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. நம் வீட்டில் இதுவரை யார் பெயருக்குப் பின்னாலும் எதுவும் இருந்ததில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, சர்ட்டிபிகேட்டா? அண்ணனுக்கு ஒரு போட்டோ அனுப்பு, சந்தோஷப்படுவான்" என்றாள். நான் அதை அழித்துவிட்டேன். அழித்த தடம் அட்டையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பச்சையாலேயே அந்த இடத்தை மூடி மறைத்ததைவிட எனக்கு வலித்தது அந்தக் கடிதத்தில் இருந்த "ஆள்". எழுதப் படிக்கத் தெரியாத ஆள். எட்டு வருடமும் வகுப்பில் முதலில் வந்தவன் நீ. அந்தக் கூரையைத் தடவிப் பார்த்து ஒரு கை படவில்லை என்று டாக்டர் வியந்தார். அவ்வளவு நன்றாக நிமிர்த்தியவனை, தூசி துடைக்கிற ஆளாக எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாய். என்னை ஏமாற்றினாய், சரி. உன்னை எதற்கு ஏமாற்றிக்கொண்டாய்?

அங்கே உனக்கு என்ன நெருக்கடி என்று எனக்குத் தெரியாது. உன் முதலாளி மிரட்டினாரா, இல்லை நாலு நல்ல வார்த்தை சொன்னாரா? நல்ல வார்த்தைக்கு நீ உருகிவிடுவாய். போன மாதம் அவருடைய விற்பனைப் பட்டியல் டாக்டருக்கு வந்தது. அதில் இன்னும் இரண்டு எஞ்சின்கள் "தொடாதவை" என்று இருக்கின்றன. படத்தில் நிறம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். அடித்தட்டில் மூடிய பெயிண்டை இன்று காலை முழுவதுமாக எடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எஞ்சினை டாக்டரிடம் திருப்பிக் கொடுப்பேன். வலப்பக்கத்துப் பச்சை நான் கலந்தது, இதில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்வேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. அவர் இனிமேல் என்னைக் கெமிஸ்ட்ரி என்று கூப்பிட மாட்டார். அதைவிட, உன் வேலை போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவிடம் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த இடத்தை யார் மூடியது என்று மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது. டாக்டரின் விலாசத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் உன் கைக்கு வர நாலு நாள் ஆகும், நீ எழுதுவது இங்கே வர நாலு நாள். கணக்குப் பார்த்துத்தான் நாளைத் தள்ளி வைத்தேன். நீயே எழுது. முதலாளியிடமோ வேறு யாரிடமோ எழுதச் சொல்லாதே. பிழை இருந்தால் இருக்கட்டும். அந்த இரண்டு எஞ்சின்களைப் பற்றியும் எழுது.

அண்ணா, அந்தக் கூரையை நிமிர்த்தியது யார் என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். என் அண்ணன் என்று தலைநிமிர்ந்து சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. தயவுசெய்து என்னைச் சொல்ல விடு.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
தங்கை