தாமதித்தது தாய் அல்ல

ஐப்பசி 9, வியாழன்

ஈச்சிலம்பற்றுக் கிராமத்துச் சுகந்தியின் குழந்தை நேற்று எங்கள் பெரியாஸ்பத்திரியில் மூச்சில்லாமல் பிறந்தது. ஒட்சிசன் இல்லாவிட்டால் மூளைக் கலங்களுக்குச் சக்தி கொடுக்கும் நொதியங்கள் ஓய்ந்துவிடும். பிறகு வேறு நொதியங்கள் கலங்களையே அரிக்கத் தொடங்கும். இன்று குழந்தைக்கு வலிப்பும் வந்துவிட்டது. டொக்டரோ "தாய் பிந்தி வந்தார்" என்று அறிக்கையில் எழுதி, தாதியான என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

சுகந்தியிடம் கேட்டேன். அழுதாள். "விடியவே நோவோட ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனனான், மிஸ். அம்புலன்சுக்கு டிரைவர் இல்லையெண்டு மத்தியானம் வரைக்கும் இருத்தி வைச்சவை."

எனக்குப் பற்றி எரிந்தது. டொக்டரிடம் போனேன். "இதுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது, சேர்."

"உங்களுக்கேன் இந்தக் கதை?" என்றார்.

அவர் முன்னாலேயே அந்த அறிக்கையில் சுகந்தி சொன்னதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். நாளை விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை.